பையன் எப்படி என்று கேட்டார்கள்

நான் வேலை செய்யும் கல்லூரிச் சமையலறையில் ஒரு பையனுடைய கையின் அகலத்தைப் பற்றி இரண்டு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். விரல்களை நன்றாக விரிக்கச் சொல்லி, கட்டை விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனி வரை அடிமட்டம் வைத்து அளந்தார்களாம். பந்தை இறுகப் பிடிக்கக் கால் அங்குலம் குறைகிறதாம். இதைச் சொல்லும்போது என்னோடு வேலை செய்யும் டேவ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இழவு வீட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நம் ஊர் மாத்தளையில் மாப்பிள்ளையின் உயரத்தைக் கேட்பார்கள், நிறத்தைக் கேட்பார்கள், காணி இருக்கிறதா கடை இருக்கிறதா என்று கேட்பார்கள். கை எத்தனை அங்குலம் என்று கேட்ட மாமனாரை நான் கண்டதில்லை.

அமெரிக்காவில் குடியேறும் க்ரீன் கார்ட் லொத்தர் குலுக்கலில் பெயர் விழுந்து, எட்டு வருடத்துக்கு முன் நானும் என் வீட்டுக்காரரும் இலங்கையிலிருந்து ஒஹாயோவுக்கு வந்தோம். இந்த ஊரில் ஒரு சின்னக் கல்லூரியும் அதைச் சுற்றிச் சோள வயலும் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. அவர் பொருட்களைப் பெட்டி கட்டும் களஞ்சியத்தில் வேலை செய்கிறார். நான் மாணவர்களுக்கு முட்டை பொரிக்கிறேன். கையளவு பார்க்கப்பட்ட பையன் ஈத்தன். கல்லூரி ஃபுட்போல் அணியின் குவாட்டர்பேக். இந்த ஃபுட்போல் நம் ஊர்ப் பந்தாட்டம் இல்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, ஒருவனை ஒருவன் மாடு முட்டுவதுபோல முட்டி விழுத்தும் ஆட்டம். அதில் பந்தை எறிகிறவன், மற்றவர்கள் எங்கே ஓட வேண்டும் என்று கட்டளை போடுகிறவன் குவாட்டர்பேக். தோற்றால் முதலில் திட்டு வாங்குகிறவனும் அவன்தான். ஈத்தன் அந்த வருடம் படிப்பை முடிக்கிறான். முடித்ததும் பெரிய தொழில்முறை அணி ஒன்று அவனை எடுக்குமா என்பதுதான் ஊரே கேட்ட கேள்வி. அவனுடைய அப்பா இறந்துவிட்டார். அம்மா பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறார். மூன்று வருடமாகக் காலையில் முதல் ஆளாக வந்து, "குட் மோர்னிங், மிஸ் லலி" என்று என் பெயரைச் சரியாகச் சொன்ன ஒரே பையன் அவன். எனக்குப் பிள்ளை இல்லை. அவனுக்கு எப்போதும் ஒரு முட்டை கூடப் போடுவேன்.

டேவ் இளம் வயதில் அந்த ஆட்டம் ஆடியவர். ஈத்தனை எடுப்பார்கள் என்று அவர் நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் இல்லை. "அவன் எறிவதில் பிழை இல்லை. எதிரில் நிற்பவர்கள்தான் பிழை" என்றார் ஒரு நாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. பெரிய கல்லூரிகளில் எதிரே ஓடி வருகிறவன் புயல் மாதிரி வருவானாம், குவாட்டர்பேக்குக்கு மூச்சு விட நேரம் இருக்காதாம். "இங்கே இவனைத் துரத்துகிற பையன் அடுத்த வருடம் காப்புறுதிக் கம்பனியில் நாற்காலியில் இருப்பான். அப்படிப்பட்டவனுக்கு எதிராக எத்தனை தரம் வென்றாலும், அதை வைத்து யார் என்ன சொல்ல முடியும்?" எனக்கு அது நன்றாகவே விளங்கியது. இரத்தோட்டை வீதியில் நான் படித்த பாடசாலையில் ஓ-லெவல் பரீட்சையில் முதலாவதாக வந்தேன். அதற்கு மேல் ஏ-லெவல் படிக்க இடம் கேட்டுக் கண்டியில் ஒரு பெரிய பாடசாலைக்குப் போனபோது, அதிபர் அம்மா என் பெறுபேற்றைப் பார்த்தார், பிறகு பாடசாலையின் பெயரைப் பார்த்தார், பிறகு திரும்பவும் பெறுபேற்றைப் பார்த்தார். "அந்த ஸ்கூல்லயா?" என்றார். அவ்வளவுதான். இடம் கிடைக்கவில்லை. கண்டிப் பிள்ளைகளோடு போட்டி போட்டு நான் தேறியிருப்பேனா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இலையெல்லாம் கொட்டி முடிந்த ஒரு காலையில், சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் என் மேசைக்கு வந்தார். தொழில்முறை அணி ஒன்றின் ஸ்கவுட், அதாவது ஆள் பார்த்து வரச் சொல்லி அனுப்பப்படுகிறவர். இப்படி வருகிறவர்கள் பயிற்சியாளரிடம் மட்டும் கேட்பதில்லையாம். பயிற்சியாளர் தன் பையனைப் பற்றி நல்லதுதானே சொல்வார்? ஆகவே கூட்டுகிறவர், துணி துவைக்கிறவர், சோறு போடுகிறவர் என்று ஒவ்வொருவரிடமும் மெதுவாகப் போய், பையன் எப்படி என்று விசாரிப்பார்களாம். என்னிடமும் அதையே கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு முறை பதில் சொல்லி நான் பட்டது போதும்.

மாத்தளையில் எங்கள் ஒழுங்கையில் ரவி அண்ணன் இருந்தார். கலேவெலயிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர். அவருக்குப் பேசிய பெண்ணின் மாமா விசாரிக்க வந்தபோது கதவைத் திறந்தது பத்தொன்பது வயது நான். உண்மையைத் தவிர வேறொன்றும் பேசக்கூடாது என்று திமிராக இருந்த காலம். "சனிக்கிழமைல குடிப்பாருங்க. ஆனா நல்லவருங்க" என்றேன். மாமா முதல் பாதியோடு படியிறங்கிவிட்டார். அந்தச் சம்பந்தம் நின்றது. கதை பரவி, அடுத்து வந்ததும் நின்றது. ரவி அண்ணனின் அம்மா எங்கள் கேட்டுக்கு வந்து நின்று, "ஒங்கிட்ட வந்து கேட்டாங்கல்ல புள்ள, ஒரு வார்த்த நல்லதா சொல்லியிருந்தா ஒனக்கு என்னா கொறஞ்சி போயிருக்கும்?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் மறந்திருப்பேன். அண்ணன் கல்யாணம் கட்டாமலே கட்டாருக்கு லொறி ஓட்டப் போனார், ஐந்தாம் வருடம் பெட்டியில் வந்தார். இனி யார் வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும் நல்லதைத் தவிர வேறெதுவும் என் வாயிலிருந்து வராது என்று அந்த இழவு வீட்டில் முடிவெடுத்தேன்.

எனவே ஸ்கவுட் உட்கார்ந்ததும் நான் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பெண் பிள்ளையின் தகப்பனுக்குச் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னேன். "மிகவும் சாது. அதிர்ந்து பேசமாட்டான்" என்றேன். அவர் ஏதோ எழுதினார்.

"மற்ற பையன்கள் அவன் சொன்னபடி கேட்பார்களா?"

"அவன் யாருக்கும் எதுவும் சொல்லமாட்டான். மற்றவர்கள் சொல்வதை அவன்தான் கேட்பான். முதல் ஆளாக வந்தாலும் எல்லோரும் எடுத்த பிறகுதான் தட்டையே எடுப்பான்."

"தோற்ற நாட்களில் எப்படி இருப்பான்? ஏதாவது கோபம்?"

"கோபமா? அவனுக்கா? தோற்ற மறுநாளும் சிரித்துக்கொண்டுதான் சாப்பிட வருவான்."

"இங்கிருந்து தூரமாகப் போக வேண்டி வந்தால்?"

"அம்மா என்றால் அவனுக்கு உயிர். ஞாயிறு தவறாமல் போய்விடுவான். அம்மாவை விட்டு இருக்கவே மாட்டான்" என்றேன். ரவி அண்ணனுக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் வட்டியும் முதலுமாக ஈத்தனுக்குச் சொல்லித் தீர்த்தேன். ஸ்கவுட் எழுந்து கை கொடுத்தார். நான் மிகவும் உதவியாக இருந்தேனாம்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் களஞ்சியத்து ஆட்களோடு சேர்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர். முதலில் சிரித்தார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அடியே, அவங்க என்னா மாப்பிள்ளையா தேடி வந்தாங்க?"

"ஏங்க, நான் நல்லதத்தானே சொன்னேன்?"

"நல்லதுதான். பொண்ணு குடுக்கலாம். குவாட்டர்பேக்குன்னா தோட்டத்துக் கங்காணி மாதிரி லலி. நின்னு கத்தணும். தோத்தா ராத்திரிக்குச் சோறு எறங்கக்கூடாது. ஊர விட்டு வாடான்னா அன்னைக்கே பொட்டியக் கட்டணும். நீ சொன்னதக் கேட்டா எவன் எடுப்பான்?"

சனிக்கிழமைகளில் எனக்கு வேலை என்பதால் மூன்று வருடத்தில் ஒரு ஆட்டத்துக்கும் நான் போனதில்லை. அந்தச் சனிக்கிழமை லீவு கேட்டு வாங்கி, இருவரும் போய்க் குளிரில் தகரப் பலகையில் உட்கார்ந்தோம். ஈத்தனை எனக்கு அடையாளமே தெரியவில்லை. தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய ஒருவனின் தலைக்கவசக் கம்பியைப் பிடித்து இழுத்து, முகத்துக்கு நேரே கத்தினான். நான் இங்கே எழுத முடியாத வார்த்தைகளால் கத்தினான். அந்த யானைப் பையன் தலையைக் குனிந்துகொண்டு போய், சொன்ன இடத்தில் நின்றான். பிறகு ஈத்தன் எறிந்த பந்து மைதானத்தின் பாதியைத் தாண்டிப் போய், ஓடிக்கொண்டிருந்தவனின் கையில் விழுந்தது. எல்லோரும் எழுந்து கூச்சல் போட்டார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு மண்டபத்தில் தட்டோடு நின்ற பையனைப் பார்த்து மைதானத்துப் பையனுக்கு நற்சாட்சி கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அந்த ஸ்கவுட்டின் தொலைபேசி இலக்கம் கேட்டு, அணியின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் ஏன் என்று கேட்டாள். "அவரிடம் பிழையாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பையன் கோபக்காரன், கெட்ட வார்த்தை பேசுவான் என்று சொல்ல வேண்டும்" என்றேன். அவளுடைய முகம் மாறியது. ஈத்தன் உங்களை ஏதாவது செய்தானா, முறைப்பாடு எழுத வேண்டுமா என்று மிகவும் கரிசனையாகக் கேட்டாள். இல்லை இல்லை என்று கையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் அவனைப் பொலிஸில் பிடித்துக் கொடுத்திருப்பேன்.

வசந்த காலத்தில் மூன்று நாள், அணிகள் எடுத்த பையன்களின் பெயர்களைத் தொலைக்காட்சியில் ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஈத்தனின் பெயர் வரவில்லை. பெயர் வராதவர்களையும் சில அணிகள் தொலைபேசியில் கூப்பிடுமாம். ஓர் அணி கூப்பிட்டு மூன்று நாள் பயிற்சியில் மட்டும் பார்த்து, திருப்பி அனுப்பியது. மழைக்கோட்டுக்காரரின் அணி கூப்பிடவே இல்லை. "சமையலறையில் சொன்னதைக் கேட்டு யாரும் ஆளை விடமாட்டார்கள், லலி. கை சின்னது, கல்லூரி சின்னது, அவன் உயரமும் இல்லை" என்றார் டேவ். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையா? அவனால் அங்கே முடிந்திருக்குமா? டேவுக்கும் தெரியாது, என்னைத் திருப்பி அனுப்பிய அதிபர் அம்மாவைப் போல அந்த அணிகளுக்கும் தெரியாது. உண்மையான ஆட்டத்தில் ஆட விட்டால்தானே தெரியும்? எல்லோரும் பக்கத்தில் நின்றவர்களிடம் விசாரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பக்கத்தில் நின்ற நானோ, பெண் வீட்டாருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி வைத்தேன். அவனிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போதும் இல்லை.

மாத்தளையில் இதை வாசிக்கிற உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெளிநாட்டில் பாஷை தெரியாமல்தான் கஷ்டப்படுவோம் என்று நினைக்கிறீர்கள். பாஷை மூன்று வருடத்தில் வந்துவிடும். ஒரு மனிதனை நல்லவன் என்று சொல்ல எந்தக் குணத்தை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது எட்டு வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

கோடை முழுவதும் ஈத்தன் வேலை தேடினான். ஒரு நாள் சமையலறைப் பின்கதவில் வந்து நின்று, விண்ணப்பத்தில் என் பெயரைப் போடலாமா என்று கேட்டான். பக்கத்துப் பகுதியில் உள்ள சிறைச்சாலையில் காவலர் வேலை. அம்மா வீட்டிலிருந்தே போய் வரலாம் என்றான். போடு என்றேன். வேறு என்ன சொல்வேன்? நாலாம் நாள் சிறைச்சாலையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். அதே கேள்வி, பையன் எப்படி. இந்த முறை நான் தயாராக இருந்தேன். "அவன் குரல் மைதானத்தின் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தலை குனிய வைப்பான். யாருக்கும் பயப்படமாட்டான். இரக்கம் பார்க்கமாட்டான்" என்றேன். கடைசி வார்த்தையை ஏன் சேர்த்தேன் என்று தெரியவில்லை. அவர் நன்றி சொன்னார். ஈத்தனுக்கு வேலை கிடைத்தது.

சென்ற வாரம் அவன் சீருடையோடு வந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான், கழுத்து தடித்திருந்தது. இப்போதும் "குட் மோர்னிங், மிஸ் லலி" என்றுதான் சொன்னான். "நீங்கள் பேசியதால்தான் எடுத்தார்களாம். தொலைபேசியில் உங்களைக் கேட்ட அம்மாவே சொன்னார்" என்றான். வேலை எப்படி என்று கேட்டேன். முதலில் கஷ்டமாக இருந்ததாகவும், நித்திரை வராமல் இருந்ததாகவும், இப்போது பழகிவிட்டதாகவும் சொன்னான். சொல்லும்போது தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். முட்டையை நான் திருப்பிப் போடும்போது, காதில் எதையோ மாட்டிக்கொண்டிருந்த ஒரு மாணவன் வரிசைக்குள் குறுக்கே புகுந்தான்.

"ஏய்! பின்னால் போய் நில்!"

ஈத்தன் போட்ட சத்தத்தில் மண்டபம் முழுவதும் அடங்கிப் போனது. அந்த மாணவன் வெளிறிப்போய்ப் பின்வாங்கினான். மைதானத்தில் நான் கேட்ட குரல் இல்லை இது. அதில் ஒரு வெறி இருந்தது, விளையாட்டு இருந்தது. இதில் ஒன்றுமில்லை. மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸிலிருந்து எங்களை இறக்கி, வீதியோரம் வரிசையாக நிற்க வைத்து, யுத்த நாட்களில் இராணுவத்தினர் இந்தக் குரலில்தான் பேசினார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். யுத்தம் முடிந்து எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்து நான் இந்த நாட்டுக் குடிமகளாகியும் ஒரு வருடமாகிறது. கல்லில் முட்டை கருகும் மணம் வந்தது. ஈத்தன் என் பக்கம் திரும்பி, நான் பார்த்தேனா என்று பார்த்துச் சிரித்தான். நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஏப்ரன் பைக்குள் கையை விட்டு, எட்டு வருடத்துக்கு முன் மாத்தளையில் தங்கச்சி வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு வந்த அந்த அட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.