அம்மா பார்த்த ஏரி

யாரோ ஒரு துரை ஸ்காட்லாந்திலுள்ள தன் ஊரை நினைத்துக்கொண்டு, ஊட்டி மலையில் நாங்கள் இருக்கும் இடத்துக்குக் கிளென்மார்கன் என்று பேர் வைத்திருக்க வேண்டும். அங்கேயும் இதே மலை, இதே ஓடை, இதே மழைதானாம். சொன்னவர் என் வீட்டுக்காரர். வேலை பார்க்கும் பவர்ஹவுஸையும் குடியிருக்கும் குவார்ட்டர்ஸையும் தாண்டி அவர் கண்ட சீமை எதுவென்று எனக்குத் தெரியாதா?

பெண் பார்க்க வந்தபோதே, "ஊட்டு வாசல்ல ஏரிங்க" என்று பெருமை அடித்தார். அந்த ஒரு வார்த்தையில் அம்மா விழுந்துவிட்டாள். காங்கேயத்துப் பக்கம் எங்கள் ஊர். கிணற்றில் வாளி விட்டால் சேறு வரும். "பொண்ணக் கொண்டுபோயிக் காட்டுல தள்ளறியா?" என்று பெரிய மாமா குதித்தார். "எம் பொண்ணாவது கொடம் தூக்காம இருக்கட்டுங்கண்ணா" என்று எதிர்த்து நின்று கட்டிக்கொடுத்தாள்.

ஆடிப்பெருக்குக்கு எனக்குத் தாலிக்கயிறு மாற்ற அம்மா மலையேறி வந்தாள். கயிறு ஒரு சாக்கு. ஏரியைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போய் மாமாவிடம் சொல்ல வேண்டும், அதுதான் அவளுக்கு முக்கியம். ஆடி மாதத்தில் இங்கே ஏரியைப் பார்ப்பதாவது! மூடுபனி இறங்கினால் எங்கள் கோழியே வழி தெரியாமல் பக்கத்து வீட்டில் முட்டையிடும்.

"ஏரி எங்க மாப்ள?"

"அதா, அங்கதானுங்க அத்தை."

"எங்க?"

"நேராப் பாருங்க."

நேராக வெறும் வெள்ளை. அம்மா தினமும் விடியலில் வாசலில் நின்று பார்த்தாள். கடைசியில் என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், "நெசமாலுமே இருக்குதா கண்ணு? இல்லீன்னாலும் சொல்லிப்போடு, நான் சண்ட போட மாட்டேன்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பெருக்கன்று குடை பிடித்துக்கொண்டு கரைக்குப் போனோம். காலடியில் ஒரு முழம் தண்ணீர் தெரிந்தது, அதற்கப்பால் பனி. அந்த ஒரு முழத்துக்கு அம்மா விழுந்து கும்பிட்டாள். நடுங்கிக்கொண்டே எனக்குப் புதுக்கயிறு கட்டினாள். மறுநாள் அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினால், ஏரி பளபளவென்று கிடக்கிறது! வாயில் வந்தபடியெல்லாம் அதைத் திட்டித் தீர்த்தேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். சொந்தபந்தமெல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்க, மாமா ஆரம்பித்தார். "ஏரி ஏரின்னு குதிச்சியே, பாத்தியா?"

அம்மாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"பாக்காம? கடலாட்டக் கெடக்குதுங்கண்ணா. அக்கரை பூராத் தென்னமரம்!"

ஊட்டிக் குளிரில் தென்னை! என் வீட்டுக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, அந்தக் குளுருல தென்ன வருமா?"

அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"காச்சுத் தொங்குதுங்க மாமா," என்றேன். "எளநி பறிக்கத்தான் ஆள் கெடைக்க மாட்டேங்குது."