ஜூன்மணியின் பிறந்த வீட்டுச் சீர்

எங்கள் பீர்கேடாவில் நிலம் உள்ள ஜாட் வீடுகள் நடுவில், குயவர் வீடுகள் குளத்தங்கரையில், வால்மீகி குடும்பங்கள் தெற்கு ஓரத்தில். எல்லாச் சாதியும் உண்டு, பெண்தான் இல்லை. வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்தாலே கலைத்துவிட்டு வந்த புண்ணியவான்கள் ஊர் இது. பிறகு மகன்களுக்கு மீசை நரைக்கத் தொடங்கியதும் பெண் தேடி அஸ்ஸாம், ஒடிசா என்று ஓடினார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

அப்படி வந்தவள்தான் என் பக்கத்து வீட்டு ஜூன்மணி. தாராசந்த் பணம் கொடுத்துக் கட்டிக்கொண்டு வந்தான். வந்த புதிதில் ரொட்டி தட்டத் தெரியாமல் சோற்றுக்கு ஏங்கி அழுவாள். இப்போது எங்கள் பேச்சிலேயே எங்களைத் திட்டுவாள். வீட்டு எருமைகளை அவள்தான் கறக்கிறாள். புகுந்த ஊரில் முகத்திரை, பிறந்த வீட்டு ஆட்கள் முன்னால் திறந்த முகம், இதுதான் எங்கள் முறை; ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அவள் முகத்திரை விலகி நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவள் பெயர் 'அஸ்ஸாம்காரி'தான்.

அவள் மகள் ரீத்துவுக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் வழக்கப்படி கல்யாண நாளில் தாய்மாமன் வந்து, மணைப்பலகையில் நிற்கும் தன் அக்காவுக்குச் சிவப்பு முக்காடு போர்த்த வேண்டும். அதைப் போட்டுக்கொண்டுதான் தாய் பந்தலுக்குள் வரலாம். இல்லாவிட்டால் மகள் பக்கத்தில் பெரியம்மா உட்காருவாள். ஜூன்மணியின் ஓரகத்தி பர்மேஷ்வரி அதற்காகவே புதுத்துணி எடுத்து வைத்திருந்தாள்.

கல்யாணத்தன்று காலையில் ஜூன்மணி கைப்பேசியோடு என்னிடம் ஓடி வந்தாள். "ஊர்ல வெள்ளமாம் அக்கா. ரயில் ஓடலியாம். தம்பி வர முடியாதாம். எம் பொண்ணு கல்யாணத்த நான் வாசல்ல நின்னா பாக்கணும்?"

பர்மேஷ்வரி அவர்கள் வீட்டு முற்றத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "வெலைக்கு வாங்கினவளுக்குப் பொறந்த வீடு எங்கேருந்து வரும்?"

என் வீட்டுக்காரர் இரக்கப்பட்டு, "நான் வேணா அண்ணனா நின்னு போத்தட்டுமா?" என்றார்.

"அறிவிருக்கா? இந்த ஊர் ஆம்பள அத்தன பேரும் அவளுக்குக் கொழுந்தன், மச்சாண்டார் முறை. ஊரே சிரிக்கும்!" என்று அவரை அதட்டினேன்.

குயவர் வீட்டுக்கு ஒடிசாவிலிருந்து வந்த மினதி, பானை கொடுக்க வந்தவள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பானையை இறக்கி வைத்துவிட்டு விடுவிடுவென்று போனாள்.

உச்சிப் பொழுதில் குளத்தங்கரைப் பக்கம் மேளச் சத்தம். எட்டிப் பார்த்தால், மினதி புருஷனுடைய தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு சீர்த்தட்டோடு வருகிறாள். பின்னால் ஒடிசா, வங்காளம், பீகார் என்று வெளியிலிருந்து வந்த மருமகள்கள் அத்தனை பேரும். ஜாட் வீட்டுக்காரி, வால்மீகி வீட்டுக்காரி என்று பார்க்காமல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தார்கள். அடியம்மா!

பர்மேஷ்வரி வாசலை மறித்தாள். "யாருடி நீங்க? எந்த ஊரு?"

"இவ ஊருதான்," என்றாள் மினதி. "எங்க எல்லாரையும் வெலைக்கு வந்தவன்னுதான சொல்றீங்க? அப்ப நாங்க ஒரே ஊர்தான். வழி விடுங்க."

ஜூன்மணி பலகைமேல் ஏறினாள். மினதி முக்காட்டைப் போர்த்தினாள். ஜூன்மணி அவள் நெற்றியில் திலகமிட்டு வாயில் லட்டு ஊட்டினாள். பிறகு தன் முகத்திரையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள்.

கட்டிலில் இருந்த பெரியவர்கள் திடுக்கிட்டார்கள். "மூடுடி! பெரியவங்க இருக்காங்க!" என்று சீறினாள் பர்மேஷ்வரி.

"பொறந்த வீட்டு ஆளுங்க வந்திருக்கறப்ப எவளாவது மூஞ்ச மூடுவாளா?"

நாங்கள் போட்ட முறைதானே அது. ஜூன்மணி திறந்த முகத்தோடு பந்தலுக்குள் போய் உட்கார்ந்தாள். ரீத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.