கேரியரில் கட்டிய மெத்தை

பெட்ரோல் கிடைக்காத அந்த வருஷம்தான் நாங்கள் சைக்கிளில் டூர் போனோம். டூர் என்றுதான் அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். மாத்தளையிலிருந்து நாலந்தாவுக்குப் போய், பழைய கற்கோயிலைப் பார்த்துவிட்டு, இருட்டுமுன் திரும்புவதாகத் திட்டம். எனக்கு ஒன்பது வயது. வகுப்பில் ஒருத்தியையும் விடாமல் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

போகிறவர்கள் அப்பா, அம்மாவின் தம்பியான மாமா, நான். சைக்கிள் இரண்டு. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது என்று அம்மா ஒரு கல்லைக் கழுவி என் புத்தகப் பைக்குள் வைத்தார். அதுதான் நாலாவது ஆளாம். டூர் எப்படி நல்ல காரியமாகும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சுமக்கிறவள் நானா என்பதுதான் என் எரிச்சல்.

பழைய சேலையை மடித்து, பஞ்சு வைத்து, சைக்கிள் கேரியர்களுக்கு அம்மா இரண்டு மெத்தை தைத்திருந்தார். அப்பா ஒன்றை மட்டும் எடுத்துத் தன் கேரியரில் கட்டினார்.

“ரெண்டையும் கட்டுங்களேன்,” என்றார் அம்மா.

“ஒண்ணு போதும்.”

மற்றது பெஞ்சிலேயே கிடந்தது.

கட்டிய மெத்தை எனக்குத்தான் என்று ஏறப்போனேன். அப்பா என்னைத் தூக்கி மாமாவின் கேரியரில் வைத்தார். அது வெறும் கம்பி. வழியில் ஸ்பைஸ் கார்டன் வாசல்களில் சுற்றுலாக்காரர் யாரும் வராமல் காவல்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளம் வரும்போதெல்லாம் நான் ஐயோ என்றேன். எனக்கு முன்னால் அப்பாவின் மெத்தை ஜம்மென்று காலியாகப் போய்க்கொண்டிருந்தது. அவர்மேல் எனக்கு அப்படிக் கோபம்.

கற்கோயிலில் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. அங்கிருந்து ஒரு தகரக்கூரை வீட்டுக்குப் போனோம். அழுதுகொண்டே ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்த பெண், அப்பாவின் ஒரே தங்கச்சியாம், என் அத்தையாம். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு சிங்களவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு போனவர். அன்றிலிருந்து அவர் பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது என்பதை மாமா பிறகு சொல்லித்தான் அறிந்தேன்.

அத்தையின் கணவர் எங்களுக்குச் செவ்விளநீர் வெட்டித் தந்தார். சந்தையில் சிங்களத்தில் வெளுத்துவாங்கும் அப்பா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமாதான் பெட்ரோல் கியூவைப் பற்றி அவரோடு பேசிச் சமாளித்தார்.

“வெள்ளிக்கிழம புது வீட்டுல பால் காய்ச்சுறோம்,” என்றார் அப்பா. “அடுப்புல பால் வைக்க நீதான் வரணும். இப்பவே கெளம்பு. பஸ்ஸ நம்ப ஏலாது.”

அத்தை வாசலில் நின்ற சைக்கிள்களையும், ஒன்றில் மட்டும் கட்டியிருந்த மெத்தையையும் பார்த்தார்.

“நான் மட்டுமாண்ணே?”

அப்பா இளநீர்க் கோம்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எதுவும் மிச்சமில்லை. அத்தையின் கணவர் கத்தியைக் கழுவிக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டார்.

பேச்சு வளராததால் நான் புகுந்து, பையைத் திறந்து எங்கள் நாலாவது ஆளைக் காட்டினேன். “அண்ணி இன்னும் இத விடலயா?” என்று அத்தை சிரித்தார். கல்லை மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு அதைத் திரும்ப என் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

“பத்திரமா கொண்டு போ கண்ணு. திரும்பிப் போறதும் மூணு பேருதானே.”

திரும்பும்போது அப்பா தானாகவே என்னை மெத்தையில் உட்காரவைத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏற்றம் முழுக்க அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். களைப்பு என்று நினைத்தேன்.

வாசலில் காத்திருந்த அம்மா எங்களை எண்ணிப் பார்த்தார். உள்ளே போய்ச் சோறு போட்டார். சாப்பிடும்போது பெஞ்சில் கிடந்த மெத்தை என் கண்ணில் பட்டது. போகும்போது பட்ட வலி ஞாபகம் வந்துவிட்டது.

“அம்மா சொன்ன மாதிரி ரெண்டையும் கட்டியிருக்கலாம்லப்பா,” என்றேன்.

பிசைந்த சோற்றில் அப்பாவின் கை அப்படியே நின்றது. அம்மா என்னை அதட்டவில்லை, மாமாவும் சிரிக்கவில்லை. நான் என் இடுப்பு வலிக்காக மட்டும்தான் அதைச் சொன்னேன்.