எழுதாமல் ‘சரி’ சொல்லாதவர்

மின்பலகைச் சாவியைக் கேட்டு எலக்ட்ரீஷியன் வந்து நின்றால், தபால்காரர் முதலில் சட்டைப்பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுப்பார். தேதி, மணி, எதற்கு என்று எழுதுவார். எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் வாயிலிருந்து ‘சரி’ வரும், இடுப்பிலிருந்து சாவி வரும். எட்டு வருஷமாக இதே கூத்து. தான் பார்க்கிற பலகைக்கு இன்னொருவர் பூட்டுப் போட்டு வைத்திருப்பது, சமையல்காரனிடம் கரண்டியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிற மாதிரி என்று எலக்ட்ரீஷியன் டீக்கடையில் புலம்பாத நாள் கிடையாது.

இந்தத் தபால்காரர் சைக்கிளில் வருகிறவர் இல்லை. வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியில் நாலு லட்சம் பேருடைய மின்னஞ்சல் இவர் பொறுப்பு. ஆனால் ‘மெயில்’ என்ற சொல் இவர் வாயில் நுழையாது. எல்லாம் “கடுதாசி”தான். கம்ப்யூட்டர்கள் வரிசையாக நிற்கும் குளிர் அறையில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து பழகி, கொளுத்துகிற வெயிலிலும் அதைக் கழற்ற மறந்து தெருவில் போவார். திரையில் ஓடும் வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பதில், கண்ணாடியின் நடுவில் எண்ணெய்த் தடம் ஒன்று நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. துடைக்க வந்த பெண்மணியிடம், அது தன் இடம், தொடாதே என்று சொல்லிவிட்டாராம்.

வீட்டிலும் இதே கதைதான். மின்விசிறி பார்க்கப் போன எலக்ட்ரீஷியனிடம் அவர் மனைவி கொட்டித் தீர்த்தார். “சோப்பு வாங்கிட்டு வாங்கன்னு சொன்னா சிலை மாதிரி நிப்பாரு. நோட்டு கைக்கு வர்ற வரைக்கும் நான் சொன்னது அவரைப் பொறுத்தவரை காத்துல போனதுதான்.” கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோது எப்படி என்று எலக்ட்ரீஷியன் வம்புக்கு இழுக்க, அந்த அம்மாள் ஏணியைப் பிடித்தபடியே சொன்னார்: “நோட்டுல அந்தப் பக்கத்தை இன்னும் வச்சிருக்காரு. மணியெல்லாம் போட்டிருக்கு.”

பூட்டு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால், பெயர்ச்சீட்டு அழிந்துபோன ஒரு சுவிட்சை எலக்ட்ரீஷியன் தவறாக இறக்கிவிட்டார். இரண்டே நிமிஷம். அதற்குள் முப்பத்தேழு கடிதங்கள் சுவடில்லாமல் போய்விட்டன. தபால்காரர் முப்பத்தேழு பேருக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். எழுதட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் முப்பத்தேழிலும் ஒரு வரி: ‘எங்கள் மின்பணியாளரின் கவனக்குறைவால்.’ அந்த வரிதான் எலக்ட்ரீஷியனுக்குத் தொண்டையில் மாட்டிய முள். சுவிட்சை இறக்கியது அவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக ஊர் பேர் தெரியாத முப்பத்தேழு பேரிடம் போய்ச் சொல்ல வேண்டுமா?

இப்படியே போயிருக்கும். இந்த வருஷம் கடிதங்கள் பெருத்துவிட்டன. கடிதங்களை வாங்கி, வரிசையில் நிறுத்தி, அவரவர் பெட்டியில் சேர்க்கிற பழைய மென்பொருள் காலை ஒன்பது மணி நெரிசலில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமைக்குள் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போடும்படி மேனேஜர் சொல்லிவிட்டார். போட்டியில் இரண்டு. ஒன்று வழவழப்பான புத்தகமும் வாசனை பூசிய விற்பனையாளருமாக வந்தது. எலக்ட்ரீஷியன் அதற்கு வைத்த பேர் மாப்பிள்ளை. இன்னொன்று சும்மா கிடைத்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு படம் கிடையாது, சிரிப்பு கிடையாது. அது உம்மணாமூஞ்சி. பழையது கிழவன். மேனேஜருக்கு மாப்பிள்ளை மேல்தான் கண். வேகம் அப்படி.

செவ்வாய்க்கிழமை காலை தபால்காரர் பலகை பக்கம் வந்தார். அவராக வந்தது அதுதான் முதல் தடவை. “மாஸ்டர், ஒரு வேலை. நீங்கதான் செய்யணும்.”

விஷயம் இதுதான். மூன்று மென்பொருளையும் மூன்று தனி எந்திரங்களில் ஏற்றி, எண் போட்ட கடிதங்களை லட்சக்கணக்கில் உள்ளே தள்ளப் போகிறார். நடுவில், எலக்ட்ரீஷியனுக்குத் தோன்றுகிற நேரத்தில், மூன்றுக்கும் மின்சாரத்தைப் பிடுங்க வேண்டும். ‘வாங்கிக்கொண்டேன்’ என்று எந்திரம் பதில் சொன்ன கடிதங்களில் எது தொலைந்தது என்று பிறகு பார்ப்பார். தானே இறக்கினால் கை தயங்கும், பாவம் பார்த்து நல்ல நேரமாக இறக்கிவிடும் என்று விளக்கினார். கடைசியில் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, “இதுல அனுபவம் உள்ளவர் நீங்க ஒருத்தர்தான்” என்றார்.

எலக்ட்ரீஷியன் எட்டு வருஷ எரிச்சலையும் விரல் நுனிக்குக் கொண்டுவந்து, பதினொன்று இருபதுக்கு இறக்கினார். பாதி டீயில், கிளாஸைக் கீழே வைக்காமல்.

மறுபடி ஏற்றிப் பார்த்ததில் மாப்பிள்ளை இருநூற்றுப் பதினாலு கடிதங்களை முழுங்கியிருந்தான். விற்பனையாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு பெரிய பேட்டரி இருக்கிற இடத்தில் மின்சாரம் எப்படி சார் போகும் என்று கேட்டார். தபால்காரர் தலையை ஆட்டினார். “பேட்டரி இருக்கு. இவரும் இருக்காரே.”

எலக்ட்ரீஷியனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் கிழவனின் முறை. தபால்காரர் விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். தொண்ணூற்றொரு கடிதங்கள் இல்லை. விரல் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. மறுபடி இறக்கச் சொன்னார். மறுபடியும் ஒரு கைப்பிடி கடிதம் இல்லை. கிழவன் கடிதத்தைச் சேமிப்பு வட்டில் எழுதி முடிப்பதற்கு முன்பே ‘வாங்கிக்கொண்டேன்’ என்று வெளியே சொல்லிவிடுகிறான். எட்டு வருஷத்துக்கு முன்னாலும் அதைத்தான் செய்திருக்கிறான். அவனைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தது தபால்காரர்.

“சொன்னா கையில இருக்கணும் மாஸ்டர்” என்றார், யாரிடமோ சொல்வது போல. “கையில இல்லாததை எப்படி வாங்கிட்டேன்னு சொல்றான்?”

உம்மணாமூஞ்சிக்கு மூன்று தடவை மின்சாரத்தைப் பிடுங்கினார்கள். ஒரு கடிதம் தொலையவில்லை. நாலைந்து மட்டும் இரண்டு தடவை போய்ச் சேர்ந்திருந்தன. ஆனால் வேகத்தில் மாப்பிள்ளையின் பாதிதான். மேனேஜர் இந்த இரண்டு குறையையும் பிடித்துக்கொண்டார். வாடிக்கையாளர்கள் திட்டுவார்கள் என்றார்.

“ரெண்டு தடவை வந்தா திட்டுவாங்க சார். வராமப் போனா, திட்டணும்னுகூட அவங்களுக்குத் தெரியாது” என்றார் தபால்காரர். ஒன்றுக்கு இரண்டு எந்திரமாக வைத்துப் பாரத்தைப் பிரித்துக்கொள்வதாகச் சொன்னார். அப்படியும் காலை நெரிசலில் உம்மணாமூஞ்சி திணறினால், தானே வேலையை விட்டுக் கிளம்பிவிடுவதாகத் தாளில் எழுதினார். படித்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

உம்மணாமூஞ்சி வேலைக்கு வந்த முதல் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு எலக்ட்ரீஷியன் ஒரு வேலையும் இல்லாமல் குளிர் அறை வாசலில் பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். நல்ல பல்பு. உள்ளே தபால்காரர் ஸ்வெட்டரின் கைகளை மடித்துவிட்டுத் திரையைத் தடவிக்கொண்டிருந்தார். வரிசை ஏறியது, ஏறியது, பத்தேகாலுக்கு இறங்க ஆரம்பித்தது. தபால்காரர் ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்தார். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

அன்றைக்கே முப்பத்தேழு பேருக்கும் திரும்ப எழுதினார். மின்பணியாளர் மேல் பழி சொன்னது தவறு, குற்றம் தான் தேர்ந்தெடுத்த மென்பொருளுடையது என்று. மூன்று பேர் பதில் போட்டார்கள். இரண்டு பேர், நீங்கள் யார் என்று கேட்டிருந்தார்கள். மூன்றாமவர், என்ன கடிதம் என்று கேட்டிருந்தார். எலக்ட்ரீஷியனுக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்லை என்பதால், அவருக்கு மட்டும் ஒரு தாளில் அடித்து, பலகைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தார். எட்டு வருஷமாக அவர் ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டியிருந்த இடம் அது. எலக்ட்ரீஷியன் அதைப் படித்தார். ஒரு மூலை சரியாக ஒட்டாமல் இருந்ததைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டார்.

நேற்று மத்தியானம் தபால்காரர் மறுபடி பலகைக்கு வந்தார். இடுப்பிலிருந்து சாவியைக் கழற்ற நேரம் பிடித்தது. எட்டு வருஷத்தில் வளையம் துருப்பிடித்திருந்தது. எலக்ட்ரீஷியன் உள்ளங்கையில் அதை வைத்தார். தனி எந்திரத்தில் பிடுங்கிப் பார்த்ததெல்லாம் ஒத்திகைதான் என்றார்.

“நிஜக் கடுதாசி ஓடற ரெண்டு எந்திரத்துல ஒண்ணை, ஒரு நாள் காலையில, ஒன்பதுலேர்ந்து பத்துக்குள்ள இறக்குங்க. என்னைக்குன்னு என்கிட்ட சொல்லாதீங்க.”

எலக்ட்ரீஷியன் “சரி” என்று வாயெடுத்தார். தபால்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எழுதிக்கிட்டு சொல்லுங்க மாஸ்டர்.”

எலக்ட்ரீஷியன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.