காற்றிரைச்சல்

கல்முனைக் கடற்கரைக்கு முதல் வீடியோ எடுக்கப் போன அன்றுதான் அவரைச் சந்தித்தேன். நரைத்த தாடி, கையில் கண்ணாடி வெடித்த போன். அதை மீன் பெட்டியில் சாய்த்து வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் அலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, நான் புதிதாக வாங்கிய மலிவு மைக்கை நீட்டினேன்.

"காக்கா, காத்து இரையுது. இதச் சட்டையில குத்திட்டுக் கதைங்க, உங்கட கொரல் மட்டும் கேக்கும்."

"வேணா தம்பி. பொஞ்சாதி குவைத்துல ஊட்டு வேல. அவட ரூமுக்கு ஜன்னலும் இல்லயாம். என்ட கொரல் போன்ல கோல் எடுத்தாக் கேக்கும். இந்த இரைச்சலத்தான் அனுப்பச் சொல்றா."

"வேற ஆரு பாக்கிற?"

"அவ ஒராள்தான்" என்று சிரித்தார்.

இப்போதும் வீடியோவில் காற்றிரைச்சலை நீக்கப் போனால், ஜன்னலில்லாத அந்த அறை நினைவுக்கு வந்து என் விரல் சற்றுத் தயங்குகிறது.