முதலில் பதில் சொன்னவர்

யாழ்ப்பாணத்தில் எங்கள் முஸ்லிம் தெருக்களில், பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கம் சில வீடுகளில் இருந்தது. அதை நிறுத்தும் வேலையைத் தொடங்குமுன் நிலைமையை அறிய ஓர் ஆய்வைத் திட்டமிட்டோம். கேள்விகளைச் சரிபார்க்க வந்த பெண்களுள் ஒருவரை எல்லோரும் ஒஸ்தா மாமி என்றார்கள். வீடு வீடாகப் போய் அந்த வெட்டைச் செய்துவந்த ‘ஒஸ்தா’ அவர்தான். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. எதற்கும் உடனே பதில் சொல்லமாட்டார்; கண்ணாடியைக் கழற்றி, முக்காட்டு நுனியால் துடைத்துவிட்டுத்தான் பேசுவார்.

‘உங்கள் மகளுக்குச் செய்தீர்களா?’ என்ற முதற் கேள்வியை வாசித்தேன். மாமி கண்ணாடியைத் துடைத்தார்.

“உதைக் கேட்டா ஒரு தாயும் வாய் திறக்கமாட்டா, மகள். முதல்லை என்னட்டைக் கேளுங்கோ. நான் சொல்லிப்போட்டன் எண்டு தெரிஞ்சா அவையளும் கதைப்பினம்.”

“ஏன் மாமி அதைச் செய்யிறதை விட்டனீங்கள்?”

“கடைசியாச் செய்த பிள்ளைக்கு ரத்தம் நிக்கேல்லை. நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினனான். பிள்ளை தப்பிட்டுது.”

“அதுக்கு முந்தின பிள்ளையள்?”

“அதுகளும் அழுததுகள்தான். நான் காதிலை போடேல்லை. அதையும் எழுதுங்கோ.”

எழுதினேன்.

அடுத்த வாரம், ஆய்வுக்காக நாங்கள் போன முதல் வீட்டின் கதவை அவரே தட்டினார். திறந்த பெண் அவரைக் கண்டதும் கைக்குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். மாமி படியேறாமல் நின்றார்.

“பயப்பிடாதை மகள். செய்தது பிழையெண்டு சொல்லத்தான் வந்தனான்.”

அவர்மீது எனக்கிருந்த கோபம் இன்றும் முழுதாகத் தீரவில்லை. அந்த வாசலில் அப்படி நிற்க எனக்குத் துணிவு இருந்திருக்குமா என்றும் தெரியவில்லை.