பிள்ளையைக் கேட்கிறீர்களா, காணியைக் கேட்கிறீர்களா?

எனக்கு வாய் நீளம் என்பது இந்தச் சபையில் எல்லாருக்கும் தெரியும். போதகர் ஐயா சாட்சிக்கு ஐந்து நிமிடம் தந்தால் நான் அரை மணித்தியாலம் எடுப்பேன். அப்படிப்பட்ட எனக்கே இந்த ஒரு சாட்சியைச் சொல்ல எட்டு மாதம் பிடித்தது. ஏனென்றால் இதில் ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்வதென்றால் நான் செய்த பிழையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நானும் இவரும் கலியாணம் முடித்து இருபத்து மூன்று வருடமாகிறது. பெரியகல்லாற்றில் எங்களைத் தெரியாதவர்கள் குறைவு. இவர் வாவியில் இறால் பிடிக்கிறவர். நான் விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு தரம் தங்கியது, இரண்டு தரமும் மூன்று மாதத்துக்குள் கலைந்து போனது. மட்டக்களப்பில் காட்டினோம், கொழும்பிலும் காட்டினோம். மறுகா வயதும் போய்விட்டது.

இடியப்பம் அவியும் நேரம்தான் என் ஜெப நேரம். அடுப்புக்கு முன்னால் இருந்து அழுவேன். அழுது அழுது ஒரு கட்டத்தில் கோபம்தான் மிஞ்சியது. "ஊரெல்லாம் குடுக்கிறீர், எனக்கு மட்டும் என்ன வஞ்சகம்?" என்று ஆண்டவரோடு சண்டை பிடிப்பேன். சபையில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் என்றால் தலையிடி என்று சொல்லி வீட்டில் நின்றுவிடுவேன். அது பொய்த் தலையிடி.

இப்படி இருந்தபோதுதான், போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆவணி மாதம், இந்தியாவிலிருந்து ஒரு டெலிபோன் கோல் வந்தது. பிள்ளைகள் இல்லம் ஒன்றை நடத்துகிற சிஸ்டர் கதைத்தார். அங்கே அகதி முகாமில் இருந்த என் தங்கச்சி காய்ச்சலில் இறந்து ஒரு மாதம் ஆகிறதாம். அவள் புருசன் பெயின்ற் அடிக்கும் வேலையில் சாரத்தில் இருந்து விழுந்து இரண்டு வருடத்துக்கு முதலே போய்விட்டாராம். எட்டு வயதில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள், பெயர் ஷெரின், தாய் சாகிறதுக்கு முதல் உங்கள் பெயரையும் ஊரையும் எழுதித் தந்தாள் என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்குப் பிள்ளை பிறந்ததே எனக்குத் தெரியாது. பதினெட்டு வருடமாக நாங்கள் கதைப்பதில்லை.

அழுதேன். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். ஆனால் மூன்றாம் நாள் என் மனதில் ஒரு நினைப்பு வந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 'எனக்கு ஒரு பிள்ளை கிடைத்துவிட்டது' என்று நினைத்தேன். அதை நினைத்த மறு நிமிடமே எனக்கு என்னில் அருவருப்பு வந்தது. என் ஜெபம் கேட்கப்பட என் தங்கச்சி சாக வேண்டுமா? அப்படிப்பட்ட ஆண்டவரையா நான் கும்பிடுகிறேன்? அதற்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். ஒருவருடைய சாவைக் காட்டி, "பாத்தீங்களா, ஆண்டவர் உங்களுக்குத் தந்திட்டார்" என்று யாரும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

தங்கச்சியின் மகள், என் பெறாமகள்தானே, போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று இவர் நினைத்தார். அது அவ்வளவு லேசு இல்லை. இங்கேயும் அங்கேயும் சட்டப்படி தத்தெடுக்க வேண்டும். நாலைந்து மாதம் பேப்பரோடு அலைந்தோம். கடைசியில் தத்தெடுப்பு அலுவலகத்தில் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். எங்கள் அம்மா உறுதி எழுதும்போது வீடும் முன்பக்கமும் எனக்கு, கிணற்றுக்கு அங்கால் உள்ள பாதி தங்கச்சிக்கு, அதில் அவளுக்கொரு வீடு கட்ட வேண்டும் என்று எழுதினார். ஆனால் தங்கச்சி கதிரவெளிப் பொடியன் ஒருவரை விரும்பி, வழக்கத்துக்கு மாறாக அவரோடு அவருடைய ஊருக்குப் போய்விட்டாள். "வீட்ட விட்டுப் போனவளுக்கு என்ன காணி?" என்று நான் எல்லைக் கல்லைப் பிடுங்கினேன். அவளுடைய பாதியையும் சேர்த்து வேலி அடைத்துத் தென்னை வைத்தேன். கல்லைக் கிணற்றடியில் வாளி வைக்கப் போட்டேன்.

அடுத்த வருடம் அவர்கள் இருந்த வாகரைப் பக்கம் யுத்தம். எல்லாத்தையும் விட்டுவிட்டு ஒரு பையோடு புருசனும் பெண்சாதியுமாக என் கேற்றடியில் வந்து நின்றார்கள். "அக்கா, என்ட பக்கத்தில ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இரிக்கிறம்" என்றாள். நான் கேற்றைத் திறக்கவில்லை. "உன்ட பக்கம் எண்டு இஞ்ச ஒண்டும் இல்ல, போ" என்று சொன்னேன். அவள் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு அவர்கள் மன்னார் போய் வள்ளம் ஏறியது, முகாமில் இருந்தது எல்லாம் ஊரார் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அடுத்த ஞாயிறும் நான் கோயிலில் முன் வரிசை வாங்கில்தான் இருந்தேன்.

அந்த உறுதியைத்தான் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் என்னைவிட வயது குறைந்தவ, மரியாதையானவ. உறுதியை இரண்டு தரம் வாசித்தா. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டா:

"அக்கா, கோவிக்காம கேளுங்க. இந்தக் காணியில பாதி அந்தப் பிள்ளைட தாய்க்கு உரியது. இனி அது பிள்ளைக்குத்தான். நீங்க பிள்ளையக் கேக்கிறீங்களா, காணியக் கேக்கிறீங்களா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நான் ஆரெண்டு நினைச்சீங்க? நான் சபைக்குப் போற பொம்பிள!" என்று கத்திப்போட்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் ஓந்தாச்சிமடம் தாண்டும் வரைக்கும் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே வந்தேன். இவர் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லாற்றுப் பாலம் வந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"அவ கேட்டதில என்ன புள்ள பிழை?"

அவ்வளவுதான்.

அடுத்த நாள் விடிய அடுப்புக்கு முன்னால் இருந்தேன். ஜெபம் வரவில்லை. வாயைத் திறந்தால் கேற்றடியில் நின்ற என் தங்கச்சியின் முகம்தான் வருகிறது. எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன். அந்தக் கல்லைத் தோண்டி எடுத்தேன். பாசி பிடித்துக் கிடந்தது. இவர் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார். முதல் இருந்த இடத்தில் கொண்டுபோய் நட்டோம். அந்த வாரமே அளவையாளரைக் கூப்பிட்டு அளந்து, நொத்தாரிசிடம் போய் அந்தப் பாதியைப் பிள்ளையின் பெயருக்கு உறுதி எழுதினோம். நின்ற தென்னை பதினொன்றும் அவளுக்கே. பிள்ளை எங்களிடம் வராவிட்டாலும் அது அவளுக்குத்தான் என்று எழுதச் சொன்னேன். அந்தப் பேப்பரை அலுவலகத்தில் கொடுத்து அந்த உத்தியோகத்தரிடம் மன்னிப்பும் கேட்டேன். "அழாதீங்க அக்கா" என்று தேத்தண்ணி வாங்கித் தந்தா.

அன்றைக்கு என் ஜெபம் மாறியது. "எனக்குத் தாரும்" என்று கேட்க எனக்கு முகம் இல்லை. "ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்கு எது நல்லதோ அதைச் செய்யும். அது நான் இல்லையெண்டால், அதைத் தாங்க எனக்குப் பெலன் தாரும்" என்றுதான் கேட்டேன்.

போன வருடம் மாசி மாதம் இந்தியா போனோம். முதல் தரம் பிளேன் ஏறினேன். அது மேலே எழும்பும்போது நான் சத்தமாகச் சங்கீதம் சொல்ல, முன் சீற்றில் இருந்த பிள்ளையொன்று பயந்து அழத் தொடங்கிவிட்டது. இவருக்குப் பெரிய வெட்கம்.

சிஸ்டர் எங்களிடம் முதலே திறந்து சொன்னார். பிள்ளை போனில் ஒரு நாளும் எங்களோடு கதைக்க வரவில்லை. நாலாம் நாள் தத்தெடுப்பு அதிகாரி வந்து, எங்களோடு வர விருப்பமா என்று பிள்ளையிடம் தனியாகக் கேட்பார். அவள் மாட்டேன் என்றால் மாட்டேன்தான், யாரும் வற்புறுத்த முடியாது.

அவளை முதன்முதலில் கண்டது பின்னேரம் மூன்றரை மணி இருக்கும். பள்ளிக்கூட உடுப்போடு, இரட்டைப் பின்னலோடு, மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். யார் என்று சிஸ்டர் காட்டித் தரத் தேவையிருக்கவில்லை. என் தங்கச்சியின் நாடி, என் தங்கச்சியின் முழி. நான் ஒரு கரடிப் பொம்மை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அது மூன்று வயதுப் பிள்ளைக்கு உரியது. அவள் அதை வாங்கி, பக்கத்தில் இருந்த சின்னப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுக் கடலையை உடைத்தாள்.

அன்றைக்கும் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. எங்கள் வாவியில் இரவில் மீன் பாடும் என்று ஊரார் சொல்கிற கதையெல்லாம் இவர் சொல்லிப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினாள். மூன்றாம் நாள், இனி நாளைக்கு அதிகாரி வருவார் என்ற நேரத்தில், நான் அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். நல்லவள் மாதிரி நடித்து இவளைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

"மகள், உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். உங்கட அம்மா எங்கட வீட்டுக்கு வந்தவ. நான்தான் கேற்றத் திறக்கல்ல. நான் திறந்திருந்தா அவ இஞ்ச வந்து கஷ்டப்பட்டிருக்க மாட்டா. நான் செஞ்சது பெரிய பிழை. நீங்க என்னோட வரவேணும் எண்டு இல்ல. ஆனா இது உங்களுக்குத் தெரியவேணும்."

அவள் கடலையை வைத்துவிட்டு என்னை நேரே பார்த்தாள்.

"தெரியும். அம்மா சொல்லியிருக்காங்க" என்றாள். பிறகு கேட்டாள்: "உங்களுக்குப் பாப்பா பொறந்திடுச்சா?"

எனக்கு விளங்கவில்லை. "இல்ல மகள். ஏன் கேக்கிறீங்க?"

"நானும் அம்மாவும் தினமும் ஜெபம் பண்ணுவோம். கல்லாத்துப் பெரியம்மாவுக்கு ஒரு பாப்பா குடுங்க ஆண்டவரேன்னு. அம்மா போனதுக்கப்புறமும் நான் பண்றேன். பாப்பா பொறந்திருந்தா அப்புறம் நான் எதுக்கு உங்களுக்கு? அதான் போன்ல பேசல."

சகோதர சகோதரிகளே, நான் அந்த இடத்திலேயே குப்புற விழுந்து கதறினேன். நான் கேற்றைத் திறக்காமல் அனுப்பிய என் தங்கச்சி, அகதி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் முழங்காலில் இருந்து எனக்காகப் பிள்ளை கேட்டிருக்கிறாள். என்னைத் திட்டுவதற்கு அவளுக்கு எவ்வளவோ நியாயம் இருந்தது. ஆனால் தன் பிள்ளைக்கு அவள் என்னை அறிமுகப்படுத்தியது அந்த ஜெபத்தால்தான். என் ஜெபம் கேட்கப்படவில்லை என்று இத்தனை வருடம் ஆண்டவரோடு சண்டை பிடித்தேனே, எனக்காக யார் ஜெபித்தது என்று எனக்குத் தெரியாமல் போனதே!

என் தலையில் ஒரு சின்னக் கை தடவியது. "அழாதீங்க பெரியம்மா. இன்னும் ஜெபம் பண்ணணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம் மகள். போதும்" என்றேன்.

அடுத்த நாள் அதிகாரி அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். நான் வெளியே வாங்கில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். கதவைத் திறந்து வந்தவள் என்னிடம் வரவில்லை. இவரிடம் போய், "வாவியில மீன் பாடும்னீங்களே, நிஜமா?" என்று கேட்டாள். இவர் அப்போதே அழுதுவிட்டார். மற்றப் பேப்பர் வேலையெல்லாம் முடிய இன்னும் மூன்று மாதம் எடுத்தது, ஆனால் பதில் அன்றைக்கே கிடைத்துவிட்டது.

இப்போது அவள் எங்களோடு இருந்து எட்டு மாதம். எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல மாட்டேன். சில நாளில் தாயை நினைத்துச் சாப்பிட மாட்டாள். என் வாய் இன்னும் முழுதாய் அடங்கவில்லை. ஒருநாள் நான் சத்தம் போட, "பெரியம்மா, மெதுவா சொன்னாலும் எனக்குக் கேக்கும்" என்றாள். இவர் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவள் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அம்மா என்று கூப்பிடச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தப் பெயருக்கு உரியவள் ஒருத்தி இருந்தாள்.

சாட்சி சொல்லப் போகிறேன் என்று நேற்றுப் பின்னேரம் அவளிடம் அனுமதி கேட்டேன். யோசித்துவிட்டு, "சொல்லுங்க. ஆனா எங்க அம்மா பேரையும் சொல்லுங்க" என்றாள்.

பாருங்கள், இவ்வளவு நேரமும் தங்கச்சி, தங்கச்சி என்றே பேசிவிட்டேன். பதினெட்டு வருடம் அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை. வராமலே பழகிவிட்டது. உங்களுக்கும் அப்படி வாயில் வராத பெயர் ஒன்று இருக்கலாம். இன்றைக்கு வீட்டுக்குப் போய் ஆண்டவரிடம் எதைக் கேட்பதற்கும் முதல் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். எங்கோ ஒரு மூலையில் அவர்கள் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். நான் பிந்திப்போனேன். நீங்கள் பிந்த வேண்டாம்.

என் தங்கச்சியின் பெயர் வசந்தி.